முதலில் அவள் தூங்கட்டும்

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் சென்னையில் பலசரக்குக் கடையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. படிப்புக்கு என்று போன தீபாவளிக்கு அவள் அப்பா டச் போன் வாங்கிக் கொடுத்தார். இப்போது ராத்திரி ஒன்றரை மணி வரை போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. சீக்கிரம் படு என்றால் தூக்கம் வரவில்லை என்கிறாள். 6 மணி டியூசனுக்காக 5 மணிக்கு எழுப்பினால் எரிந்து விழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பகல் 12 வரை தூக்கம். சாப்பாடு குறைந்துவிட்டது, அரைப்பரீட்சையில் மார்க்கும் போய்விட்டது. ஒரு நாள் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் கடை அடைத்துவிட்டு 10.30-க்கு வீடியோ காலில் வருவார், அதுவும் அவள் போனில்தான், அதனால் திரும்பக் கொடுத்துவிட்டேன். அவரோ ‘பத்தோடு நிறுத்திவிடு’ என்கிறார். யாராவது பையன் பின்னால் இருக்கிறானோ என்றும் பயமாக இருக்கிறது. கோயிலில் திருநீறு போட்டுப் பார்த்தாயிற்று. சண்டை வந்தால் ‘நான் செத்தால்தான் உனக்கு நிம்மதி’ என்கிறாள். சும்மாதான் சொல்கிறாளா?

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘செத்தால்தான் நிம்மதி’ என்று பிள்ளைகள் கோபத்தில் சொல்வது உண்டு. பல நேரம் அது வெறும் கோபம்தான். ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் அது கோபமா, உள்ளே நிஜமாகவே அப்படி ஒரு எண்ணம் இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. இதைப் பல ஆய்வுகளில் பார்த்துவிட்டார்கள். நேராகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை. உள்ளுக்குள் குமைந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு யாரோ கேட்டார்களே என்று ஒரு ஆறுதல்தான் கிடைக்கும்.

ஆனால் சண்டைக்கு நடுவில் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சொளவை (முறத்தை) மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பீர்களே, அப்போது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். எதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, கை ஒரு வேலையில் இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாக வாயைத் திறக்கிறார்கள். “எம்மா, அன்னைக்குச் செத்துருவேன்னு சொன்னியே, நெசமாவே அப்படித் தோணுதா? எப்பல்லாம் தோணுது?” என்று கேளுங்கள். கேட்டபின் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். ‘உனக்கு என்ன குறை வச்சோம்’ என்று வாய் வரைக்கும் வரும். அதை விழுங்கிவிடுங்கள்.

‘ஆமாம், தோணுது’ என்றால் அன்று ராத்திரி அவளைத் தனியே படுக்க விடாதீர்கள். வயலுக்கு வாங்கின மருந்து, பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மறுநாள் காலை நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எப்படிச் செய்வது என்றே யோசித்து வைத்திருக்கிறாள், அல்லது உடம்பில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட அடையாளம் இருக்கிறது என்றால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். ‘இல்லம்மா, கோவத்துல சொன்னேன்’ என்றால் நம்புங்கள்; கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம்.

ஒன்றரைக்குத் தூங்கி ஐந்துக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. அதில் பாதிகூட உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. இந்த அளவுக்குத் தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்கே சின்னச் சொல்லுக்கும் சுருக்கென்று கோபம் வரும், பசி மாறும், படித்தது மண்டையில் நிற்காது. நீங்கள் எழுதியிருக்கிற அத்தனையும் தூக்கம் இல்லாததால் மட்டுமே வந்திருக்கலாம். மனச்சோர்வு நோயாலும் வந்திருக்கலாம். தூக்கம் கெட்டால் மனசு சோரும், மனசு சோர்ந்தால் தூக்கம் கெடும்; எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்வோம். மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கிய பிறகும் எது பாக்கி நிற்கிறதோ, அதற்கு அப்புறம் வைத்தியம் பார்க்கலாம்.

சீக்கிரம் படுத்தால் தூக்கம் வரவில்லை என்று அவள் சொல்வது பொய் இல்லை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இருட்டியதும் மூளையில் சுரந்து தூக்கத்துக்குத் தயார் செய்கிற மெலடோனின், சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுரந்ததைவிட ஒரு மணி, இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்க ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் உங்கள் மடியில் தூங்கி விழுந்த பிள்ளைக்கு இப்போது பத்தரை, பதினொன்று ஆகிறது என்றால் அதில் சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை 8.30-க்கு முன் பள்ளியைத் தொடங்காதீர்கள் என்று சொன்னது. நம் பக்கத்தில் 8.30-க்குள் ஒரு டியூசனே முடிந்துவிடுகிறது.

அந்த 6 மணி டியூசனை நிறுத்துங்கள். மார்ச்சில் பொதுப்பரீட்சையை வைத்துக்கொண்டு டாக்டர் இப்படிச் சொல்கிறாரே என்று கோபம் வரும். பரீட்சை இருப்பதால்தான் சொல்கிறேன். பகலில் படித்தது மூளையில் பதிவதற்கு இரவுத் தூக்கம் வேண்டும். மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு டியூசன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஃபீஸ் கட்டுவதில் பிரயோஜனம் ரொம்பக் குறைவு. கட்டாயம் வேண்டும் என்றால் சாயந்திரத்துக்கோ சனி, ஞாயிறுக்கோ மாற்றிக் கேளுங்கள். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் நான் போனைத் தொட மாட்டேன், டியூசனைத்தான் மாற்றுவேன்.

காரணம் இருக்கிறது. அவளுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்ததிலிருந்து டியூசன், பள்ளிக்கூடம், ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுப்பாடம், நடுவில் தண்ணீர் பிடிக்க, அடுக்களையில் உங்களுக்குக் கைகொடுக்க. பையனாக இருந்தால் சாயந்திரம் ஆற்றுக்கோ கிரவுண்டுக்கோ போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வருவான், நாமும் கேட்க மாட்டோம். இவளுக்குத் தோழிகளோடு பேச பஸ்ஸில் போகிற நேரம்தான். மற்றபடி யாரும் எதையும் ஏவாத நேரம் அவளுக்கு ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தை அவள் சுலபமாக விட்டுத் தர மாட்டாள். பகலில் ஒரு முக்கால் மணி நேரம், சாயந்திரம் வந்ததும், ‘இது உன் நேரம், போன் பார், தோழி வீட்டுக்குப் போய்ட்டு வா, எதுவும் செய்’ என்று கொடுத்துப் பாருங்கள். ராத்திரிக்கு இருக்கிற பிடி கொஞ்சம் தளரும்.

போனில் அப்படி என்னதான் இருக்கிறது? சீரியலுக்காவது ‘தொடரும்’ என்று ஒன்று வரும். ரீல்ஸுக்கு அதுவும் கிடையாது, தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். நிறுத்த ஒரு இடம் இல்லாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஸ்னாப்சாட்டில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் ஒரு நாள் விடாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொண்டே வந்தால் பெயர் பக்கத்தில் எண் ஏறும். ஒரு நாள் விட்டால் போச்சு. நமக்கு இது விளையாட்டாகத் தெரியும். பதினைந்து வயதில் அது சிநேகத்துக்கு வைத்த பரீட்சை. இதோடு வகுப்பு வாட்ஸப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுப்பாடம் போடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகளின் பள்ளியிலும் அப்படி என்றால் வகுப்பாசிரியரிடம் போய், எட்டு மணிக்குள் போட்டுவிடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

திரை வெளிச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி ‘ப்ளூ கட்’ கண்ணாடி விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள். 2015-ல் வெளிவந்த ஒரு சோதனையில், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கம் பிடிக்க, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. உங்கள் மகள் இழப்பது பத்து நிமிடம் இல்லை, நாலு மணி நேரத்துக்கும் மேல். வெளிச்சத்தைவிட, அதில் ஓடுகிற விஷயமும் அது விழுங்குகிற நேரமும்தான் பெரிய சேதம்.

சமூக ஊடகமே பிள்ளைகளின் மனசைக் கெடுக்கிறதா என்றும் கேட்பீர்கள். 2023-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையில், தினம் 3 மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இரண்டு மடங்கு என்று இருக்கிறது. பார்ப்பதால் சோர்கிறார்களா, சோர்ந்தவர்கள் அதிகம் பார்க்கிறார்களா என்பதை இப்படிப்பட்ட எண்கள் காட்டிக்கொடுக்காது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கணக்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். உங்கள் மகளின் பரீட்சைக்குள் ஒரு சட்டம் வந்து நமக்குக் கைகொடுக்கப் போவதில்லை. ‘படிப்புக்கு’ என்று போன் வாங்குகிற கதையும் உங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. 2024-ல் இந்தியக் கிராமங்களில் எடுத்த ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் அதற்கு முந்தின வாரம் போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்கு என்றவர்கள் 76 சதவீதம்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பையன் யாராவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், ‘பத்தோடு நிறுத்திவிடு’ என்ற பேச்சு வீட்டில் உலவுகிறவரை அவள் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். போட்டோவை வைத்து மிரட்டப்படுகிற பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் ராத்திரி முழுக்க விழித்திருப்பது மிரட்டுகிறவனுக்குப் பயந்து மட்டும் அல்ல. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு போய்விடும், அவசரமாக ஒரு கல்யாணம் வந்துவிடும் என்பதும் சேர்ந்துதான் வாயை அடைக்கிறது. ஆகவே அவள் அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள்: “என்ன நடந்திருந்தாலும் உன் படிப்பு நிக்காது.” வேறு எந்தக் கேள்வியும் அதற்குப் பிறகுதான். அப்படி ஏதாவது மிரட்டல் இருப்பதாகச் சொன்னால் அவளைத் திட்டாமல், வந்த செய்திகளை அழிக்காமல், குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ பேசுங்கள். சட்டம் அவள் பக்கம்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிற, மகன் வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. நம் நெல்லை மாவட்டத்தில் நள்ளிரவில் பையன்கள் பார்ப்பது சினிமாவும் கிரிக்கெட்டும் மட்டும் அல்ல. சாதிப் பெருமை பேசும் ரீல்ஸும், அதற்குக் கீழே நடக்கிற ஏச்சும் பேச்சும் சேர்ந்தே வருகின்றன. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கம் கெட்ட மூளையோடு எழுதுகிற பதில், காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதிப் பகையில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்கு அப்புறம் இங்கே பிள்ளைகளிடையே சாதிப் பேச்சைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க முடியாது. உங்கள் மகன் யாரை ஃபாலோ பண்ணுகிறான் என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 10.30 வீடியோ கால். அவள் அப்பா முகத்தைப் பார்க்கிற நேரம் அது, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கால் முடிந்த கையோடு போன் அவளோடு பாய்க்குப் போகிறது, அங்கே ஆரம்பிக்கிறது எல்லாம். உங்களிடம் சாதாரண பட்டன் போன் இருக்கும் என்று நினைக்கிறேன். வார நாட்களில் கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து, ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் அந்தப் போனில் பேசச் சொல்லுங்கள். வீடியோ ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆற அமர இருக்கட்டும். ‘மார்க் என்ன’ என்பதில் ஆரம்பிக்காமல், கடைக்கு வந்த ஆட்களைப் பற்றி நாலு வார்த்தை அவர் சொன்னாலே போதும்.

போன் ராத்திரி தூங்க வேண்டிய இடம் பட்டாசல், அதாவது வீட்டு முன்னறை. சார்ஜரை அங்கேயே நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். நாளைக்கே பத்தரை மணி என்று சட்டம் போட்டால் மறுபடி பீரோ கதைதான் நடக்கும். முதலில் 12 மணி என்று அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டே வந்தால் சுமார் இரண்டு வாரத்தில் பத்தரைக்கு வந்துவிடலாம். அலாரம் போனில்தான் இருக்கிறது என்பாள், அதற்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2024-லிருந்து தனிக் கணக்கு முறை வைத்திருக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் தாமாகவே அடங்கிவிடும். பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தால் அது வேலை செய்யாது, சரி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அவள் பேசுவதை எல்லாம் நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

டியூசன் நின்றால் காலையில் ஆறரைக்கு எழுந்தால் போதும். அந்த நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் 12 வரை தூங்க விட்டால் அன்று ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராது, திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து; ஏழரைக்கு எழுப்பிவிடுங்கள். எழுந்ததும் வாசலில் கொஞ்ச நேரம் வெயில் முகத்தில் பட உட்காரட்டும். பின்னால் தள்ளிப்போன கடிகாரத்தை முன்னால் இழுக்கிற சக்தி காலை வெளிச்சத்துக்கு உண்டு. பள்ளி விட்டு வந்து தூங்கினால் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள். படிக்கத் தெம்பாக இருக்கட்டும் என்று ராத்திரி கடுங்காப்பி போட்டுத் தராதீர்கள். உடம்பில் அதன் வேகம் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

இன்னொன்று, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருந்தது. அசதி, எரிச்சல், படிப்பில் மனம் நிற்காதது எல்லாம் அதனாலும் வரும். பள்ளியில் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்றும் கேளுங்கள்.

திருநீறு போட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போங்கள், கூடவே இதையும் செய்யுங்கள்.

மூன்று வாரம் கழித்தும் முகத்தில் தெளிச்சி இல்லை, பிடித்த விஷயத்தில்கூட ஆசை இல்லை, தோழிகளையும் ஒதுக்குகிறாள், சாப்பாடு ஏறவில்லை என்றால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் ஹைகிரவுண்டுக்கு வாருங்கள். மனச்சோர்வுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு ஆலோசனைப் பேச்சே போதுமானதாக இருக்கும், எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. இங்கே வந்ததும் அவள் முன்னாலேயே குற்றப்பட்டியல் வாசிக்க வேண்டாம். டாக்டர் உங்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லி அவளோடு தனியே பேசுவார், அதற்கு இடம் கொடுங்கள். அதுவரைக்கும் காத்திருக்காமல், டியூசன் மாஸ்டரிடம் மட்டும் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.